பொறுப்பான பிள்ளையும் சுறுசுறுப்பான பிள்ளையும்

கல்வியியல் முதுகலையில் சேர்ந்து ஏழு வாரம் வரை நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எட்டாவது வாரம் திறக்கவைத்தவர் ராஜாஜி.

கல்விக் கொள்கை வரலாற்றுத் தாள். குடியானவன் கட்டும் வரியில் மேல்சாதிப் பிள்ளைகள் மட்டும் படிப்பது என்ன நியாயம் என்று 1882இல் பிரிட்டிஷ் அரசின் ஹண்டர் கல்விக் கமிஷனிடம் மகாராஷ்டிரச் சீர்திருத்தக்காரர் ஜோதிராவ் புலே எழுதிக் கேட்டதில் தொடங்கி, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பள்ளிக்குப் போகவேண்டும் என்ற கோத்தாரி கமிஷன் (1964–66) வரை வந்திருந்தோம். "மக்கள் எதிர்த்து, அரசு கைவிட்ட பள்ளித் திட்டம் ஏதாவது உங்கள் மாநிலத்தில் உண்டா?" என்று பேராசிரியர் கேட்டார். மற்ற நாளெல்லாம் இங்கிலீஷில் கொட்டித் தீர்க்கிறவர்கள் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் ஏழு வருஷம் நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவள். கை தானாக மேலே போய்விட்டது.

1953. அப்போது முதலமைச்சர் ராஜாஜி. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினம் 3 மணி நேரம்தான் பாடம். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்து இரண்டு ஷிஃப்டாக நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் அப்பன் செய்கிற தொழிலைப் பழகவேண்டும். 'குலக்கல்வி' என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954இல் ராஜாஜி பதவியை விட்டு இறங்க, காமராஜர் வந்ததும் திட்டத்தைத் தூக்கினார்கள். இதையெல்லாம் "ஹாஃப் டே ஸ்கூல், ஹாஃப் டே ஃபாதர்ஸ் ஜாப்" என்ற அளவு இங்கிலீஷில், கையையும் ஆட்டிச் சொல்லி முடித்தேன். பேராசிரியர் எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்து மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

அன்று ராத்திரி விடுதி அறையில் என் தோழி, மராத்வாடாவிலிருந்து வந்த இருபத்து நான்கு வயதுப் பெண், துணி மடித்துக்கொண்டே கேட்டாள். என்னை அவள் 'தாயி' என்பாள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். எங்கள் ஊரில் கிழவிகள் சின்னப் பெண்ணைக் கூப்பிடும் சொல் அது. முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.

"தாயி, நீங்க வேலை பார்த்த ஸ்கூல்ல யார் பெருக்குவாங்க?"

"பிள்ளைங்கதான். முறை வெச்சு."

"யாரோட முறை?"

ஏழாம் வகுப்பில் கடைசி வருஷம் யார் யார் பெருக்கினார்கள் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது பெயரில் நிறுத்திவிட்டேன். ஐந்தும் ஒரே தெரு. ஊர்த்தெரு இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, மடித்த துணியை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். என்னுடைய ஆய்வுத் தலைப்பு அந்த இடத்தில் பிறந்தது. தலைப்பு தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நூலகத்துக்குப் போகும் முன், நீங்கள் வேலை பார்த்த இடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று யாராவது ஒருவரிடம் பெயர் பெயராகச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயரில் நாக்கு நிற்கிறதோ அங்கே ஒரு ஆய்வு இருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்யாறு பக்கம் கிராமம். எம்.பி.சி. வீட்டில் முதல் பட்டதாரி. பி.ஏ. வரலாறு, பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி. நியமனத்துக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருத்தி. அதுவரை உதவிபெறும் பள்ளி ஒன்றில் நிர்வாகம் தருகிற சம்பளத்தில் வேலை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியரும் நானும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்போம், அவர் வாங்குவதில் எட்டில் ஒரு பங்கு எனக்கு. ஆகவே சமநீதி பற்றிப் படிக்கப் போகிறேன் என்று 2022இல் முப்பத்து இரண்டு வயதில் கிளம்பியபோது, அநியாயம் நடந்தது எனக்குத்தான் என்ற நினைப்போடுதான் போனேன். நினைப்பு பொய் இல்லை. ஆனால் பாதி.

எம்.எட். இல்லாமல் ஏன் எம்.ஏ. கல்வியியல் என்று இன்னமும் கேட்கிறார்கள். எம்.எட். படிக்க பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும், ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் வேலைக்குப் போவதைக் குறிவைத்த படிப்பு அது, 2015இல் இரண்டு வருஷமாக்கினார்கள். எம்.ஏ. கல்வியியலுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். சமூகவியல், தத்துவம், பொருளாதாரம், வரலாறு எல்லாம் கல்வியின் மேல் கண் வைத்து வரும். பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், டெல்லியில் அம்பேத்கர் பல்கலைக்கழகம் என்று இந்தப் படிப்புக்குப் பெயர்பெற்ற இடங்கள் உண்டு. நான் படித்தது எங்கே என்பதை விட்டுவிடுகிறேன், குறையும் சொல்லப் போவதால். எங்கே சேர்ந்தாலும் சேரும் முன் அங்கே படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "இப்ப என்ன வேலை, எவ்வளவு சம்பளம்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விளம்பரப் புத்தகத்தில் அது இருக்காது.

பணம். கட்டணச் சலுகை எனக்குக் கிடைத்தது. அதை நம்பிப் போய் முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான். விடுதி முன்பணம், மெஸ் பில், திரும்பத் தரும் வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு என்று சேரும் நாளில் கையிலிருந்து போவது தனி. உதவித்தொகைப் பணம் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் வருஷம் முடிகிற நேரத்தில். அம்மாவின் செயினைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் முதல் செமஸ்டர் ஓடியது. ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில் வாங்கி நான்கு நகல், கூடவே இங்கிலீஷிலும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துப் போங்கள். வெளிமாநிலத்து அலுவலகத்தில் தமிழ்ச் சான்றைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த கிளார்க்கை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. அத்தையிடம் விட்டுவிட்டுப் போனேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும்.

படிப்புக்கு வருகிறேன். ஒரு வகுப்புக்கு இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் முப்பது நாற்பது பக்கம், வாரத்துக்கு நான்கு தாள். எல்லாம் இங்கிலீஷ். வகுப்பில் பேசுவதற்கென்று தனி மதிப்பெண். சமத்துவமின்மையை எப்படி மொழி காப்பாற்றுகிறது என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர் பாசில் பெர்ன்ஸ்டீன் எழுதியதை, பேசத் தெரியாமல் நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு இருக்கிறது, பள்ளிக்கூடம் எதிர்பார்க்கும் பேச்சு அது இல்லை என்பது அவர் வாதம். அந்த வகுப்பில் மதிப்பெண் வாங்கியவர்கள் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கும் பேச்சு பேசியவர்கள். இதை ஒரு நாள் பேராசிரியரிடம் தனியாகச் சொன்னேன். சிரித்தார். பிறகு யோசித்தார். பிறகு பேச்சுக்குப் பதில் ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று எல்லோருக்குமாக மாற்றினார். எழுதித் தந்தவர்களில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். அதுவரை அவன் குரலையே நாங்கள் கேட்டதில்லை. முதல் மாதமே போய்ச் சொல்லியிருக்கலாம். நான்தான் ஒரு செமஸ்டரை வீணாக்கினேன்.

கட்டுரைகளைப் படிக்க எனக்கென்று ஒரு வழி அமைந்தது. முதலில் முடிவுப் பகுதியைப் படிப்பேன். பிறகு முன்னுரை. நடுவில் இருப்பதை, ஆள் என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று பார்ப்பதற்கு மட்டும். ஓரத்தில் குறிப்பெல்லாம் தமிழில். கடைசியாக அந்தக் கட்டுரையை மூன்று வாக்கியத்தில் தமிழில் பேசி, என் பழைய பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவருக்குப் புரிந்தால் எனக்குப் புரிந்திருக்கிறது. புரியாவிட்டால் "என்னம்மா சொல்ல வர்ற?" என்று பதில் வரும், மறுபடி படிப்பேன். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடத்தைப் பள்ளிக்கூடம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பது பற்றிய கட்டுரையை அனுப்பிய அன்று அக்கா சொன்னார்: "இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போன? தட்டு கழுவுற குழாயாண்ட வந்து நில்லு. எந்தப் பிள்ள தட்டு எந்தப் பிள்ள தட்டுமேல படாம கழுவுதுன்னு பாரு."

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் 'பண்பாட்டு மூலதனம்', அதாவது பள்ளியில் கைகொடுக்கும் பழக்கங்களைச் சில பிள்ளைகள் வீட்டிலிருந்தே சொத்துப்போல் கொண்டுவருவது, எனக்கு ஒரு வாரம் பிடிபடாமல் இருந்தது. அக்கா எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டார்: "எங்க ஊட்ல பேப்பர் வராது. உங்க ஊட்ல தினத்தந்தி வரும். அதுதான?" அதுதான்.

இன்னொரு சொல்லில் நானே சறுக்கினேன். அமெரிக்காவில் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர் 2006இல் ஒரு வாதம் வைத்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண்ணில் 'இடைவெளி' என்று பேசுவதை நிறுத்துங்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டது சேர்ந்து சேர்ந்து ஒரு கடனாக நிற்கிறது, அந்தக் கடனைப் பற்றிப் பேசுங்கள் என்றார். நான் இதை அக்காவுக்குக் 'கல்விக் கடன்' என்று சொல்லி அனுப்பினேன். "ஆமா, பேங்க்குல குடுக்கவே மாட்டேன்றான்" என்று பதில். தமிழில் கல்விக் கடன் என்றால் மாணவன் வங்கிக்குக் கட்டவேண்டியது. லாட்சன்-பில்லிங்ஸ் சொன்னது, பிள்ளைக்கு ஊர் கட்டவேண்டியது. அதே இரண்டு சொல், கடன்காரன் மட்டும் மாறிவிடுகிறான். கடைசியில் 'கல்விப் பாக்கி' என்று மாற்றி அனுப்பினேன். பாக்கி என்றால் யாரோ தராமல் வைத்திருக்கிறார்கள் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

முதல் வருஷம் நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டதையும் ஒத்துக்கொள்கிறேன். வட மாநிலத்துப் பிள்ளைகளிடம், எங்கள் ஊரில் 1920இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டார்கள், 69 சதவீத இட ஒதுக்கீடு எங்களுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில், 2023 ஆகஸ்டில், நாங்குநேரிச் செய்தி வந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு தலித் மாணவனை, கூடப் படிக்கிற பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. "தமிழ்நாட்டிலுமா?" என்று வகுப்பில் ஒருத்தி நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள். அவளுக்கு அந்த ஆச்சரியத்தைக் கொடுத்தவள் நான்தான்.

களப்பணிக்கு ஊருக்கு வந்தேன். என் பழைய பள்ளியை எடுக்கவில்லை. பக்கத்து ஒன்றியத்தில் வேறு பள்ளி. தெரிந்த பள்ளியென்றால் ஆசிரியர்கள் பேசுவார்கள், பிள்ளைகள் பேசமாட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்க மூன்று வாரம் ஆனது. இந்த மூன்று வாரத்தைக் கால அட்டவணையில் போடாமல் திட்டம் எழுதாதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு அனுமதி வேறு, அலுவலக அனுமதி வேறு, தலைமை ஆசிரியரின் மனசு வேறு. மூன்றாவதுதான் நிஜமான அனுமதி.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தை அழகான தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'மனமுவந்து', 'எத்தகைய நிர்ப்பந்தமுமின்றி' என்றெல்லாம். முதல் வீட்டில் அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழு லோனாம்மா?"

"இல்லக்கா. பிள்ளைங்கள பத்திப் படிக்கிறேன்."

"அப்புறம் கையெழுத்து எதுக்கு?"

அந்தத் தெருவில் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் மட்டும்தான். வாரத் தவணை கட்டமுடியாமல் ஒரு குடும்பம் ஊரையே விட்டுப் போயிருந்தது. படிவத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டுப் பேச்சுத் தமிழில் அரைப் பக்கம் எழுதினேன். முதல் வரி: 'இது கடன் பத்திரம் இல்லை.' நெறிக்குழுவுக்கு அந்த வரியை விளக்கத் தனி மின்னஞ்சல் போடவேண்டியிருந்தது. கையெழுத்துப் போட விரும்பாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நான் தேதி போட்டு எழுதிக்கொள்வேன் என்றும் மாற்றிக்கொண்டேன்.

பள்ளியில் முதல் நாள் தலைமை ஆசிரியர் எனக்கு வகுப்பின் பின்னால் ஒரு நாற்காலி போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் இன்ஸ்பெக்ஷன் மேடம். வகுப்பு மரமாகிவிட்டது. இரண்டாம் நாள் தரையில் உட்கார்ந்தேன், ஆசிரியருக்குச் சங்கடம். நான்காவது நாள் குழாயடிக்குப் போய்விட்டேன். அக்கா சொன்ன இடம். காலை ஒன்பதிலிருந்து பிரேயர் வரையும், மதியம் சாப்பாட்டு நேரத்திலும் பள்ளிக்கூடத்தின் எல்லா வேலையும் அங்கேதான் நடக்கிறது. வாளி, துடைப்பம், குடம், டீ பிளாஸ்க் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. நான் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன்: என்ன வேலை, யார் சொன்னது, யார் செய்தது. சாதி எழுதவில்லை. தெரு மட்டும் எழுதினேன். கிராமத்தில் தெரு எழுதினால் போதும்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டியபோது வேலைகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்து கிடந்தன. மணி அடிப்பது, வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போவது, பீரோ சாவி வைத்திருப்பது, கரும்பலகையில் தேதியும் திருக்குறளும் எழுதுவது, ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது ஒரு பக்கம். பெருக்குவது, கழிவறைக்கு வாளியில் தண்ணீர் தூக்கிப் போடுவது, வாந்தி எடுத்த இடத்தில் மண் போடுவது மறுபக்கம். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பக்கம் என்று நான் எழுதவேண்டியதில்லை. விதிவிலக்கு இருந்தது. ஊர்த்தெருப் பெண் பிள்ளைகளும் பெருக்கினார்கள். ஆண் பிள்ளைகள், எந்தத் தெருவாக இருந்தாலும், வகுப்பறைக்குள் துடைப்பம் தொடவில்லை. வெளியே வாளி தூக்கியவர்கள் மட்டும் ஒரே தெருப் பையன்கள். சாதியும் பெண் என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பற்றி இரண்டு செமஸ்டர் படித்திருந்தேன். ஒரு வாளியையும் ஒரு துடைப்பத்தையும் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் விளங்கியது.

ஆசிரியர்களிடம் பேட்டி எடுத்தேன். நல்ல மனிதர்கள். ஒருவர் கூடச் சாதிப் பெயரை வாயில் எடுக்கவில்லை. "எல்லாப் பிள்ளைங்களும் எங்களுக்கு ஒண்ணுதான் மேடம்." சரி, சாவி ஏன் இந்தப் பிள்ளையிடம்? "அவ ரொம்பப் பொறுப்பு மேடம்." வாளி ஏன் அந்தப் பையனிடம்? "அவன் நல்ல சுறுசுறுப்பு மேடம், சொன்னா ஓடுவான்." பேட்டிகளை எழுத்தில் இறக்கியபோது இந்த இரண்டு சொல்லும் திரும்பத் திரும்ப வந்தன. பொறுப்பான பிள்ளை. சுறுசுறுப்பான பிள்ளை. இரண்டும் பாராட்டு. பொறுப்பு என்பது தலைக்குக் கொடுத்த பாராட்டு, சுறுசுறுப்பு கைகாலுக்குக் கொடுத்த பாராட்டு. நானும் ஏழு வருஷம் ரேங்க் கார்டில் குறிப்பு எழுதியவள்தான். என்னவெல்லாம் எழுதினேன் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பார்த்திருக்கவேண்டாம்.

இந்த இடத்தில் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டி கொடுத்த ஆசிரியர்களை வில்லனாக்கி எழுதுவது சுலபம், இங்கிலீஷில் இன்னும் சுலபம். என் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. வழிகாட்டி ஓரத்தில் எழுதியிருந்தார்: 'நீங்கள் அங்கே ஆசிரியராக இருந்திருந்தால்?' நான் அங்கேதான் இருந்தேன், வேறு ஒன்றியத்தில். அந்த அத்தியாயத்தை என் பழைய வகுப்பறையிலிருந்து தொடங்கி மறுபடி எழுதினேன்.

பிள்ளைகளோடு பேசுவதற்குப் பேட்டி உதவவில்லை. போனை வைத்துப் பதிவு செய்தால் "நல்லாருக்கு மிஸ்" என்பதோடு சரி. கூட வாளி பிடித்தால் பேசினார்கள். அப்படிப் பேசியதில்தான், நான் கேட்காமலே, உதவித்தொகைப் பட்டியல் பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படித்த யாருக்கும் இது தெரியும். வகுப்புக்கு ஒரு தாள் வரும். ஆசிரியர் தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்திரிங்க." எண்ணுவார். உட்காரச் சொல்வார். அரை நிமிஷ வேலை. நானும் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன், வருஷா வருஷம்.

"அப்ப எப்டி இருக்கும்?" என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டேன்.

"கூச்சமா இருக்கும் மிஸ்."

இந்த ஒரு சொல்லை இங்கிலீஷாக்க எனக்குப் பத்து நாள் பிடித்தது. முதலில் 'ஷை' என்று போட்டேன். வழிகாட்டி படித்துவிட்டு, "அப்படியென்றால் அந்தப் பெண் இயல்பிலேயே கூச்ச சுபாவமா?" என்றார். இல்லை, அவள் கபடி அணித் தலைவி. 'அவமானப்பட்டேன்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டேன். அது கனமாக, போராட்டத் துண்டறிக்கைக்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. அவமானம் என்று சொல்லியிருந்தால் அவமானப்படுத்தியவர் ஒருவர் இருக்கவேண்டும். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. கூச்சம் அப்படி இல்லை. பல் கூசுகிறது, கண் கூசுகிறது, உடம்பு கூசுகிறது. வெளியிலிருந்து ஒன்று வந்து படுகிறது, சுருங்குவது நாம். படுத்தியது யார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. முதல் மொழிபெயர்ப்பில் குற்றம் பிள்ளையின் சுபாவத்துக்குப் போனது. இரண்டாவதில் அவள் சொல்லாத ஒரு குற்றச்சாட்டை அவள் வாயில் வைத்தேன். கடைசியில் தமிழ்ச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டு, கீழே ஒரு பத்தி விளக்கம் எழுதினேன். ஆய்வேட்டில் தமிழ் எழுத்து வரக்கூடாது, ரோமன் எழுத்தில் போடுங்கள் என்று அலுவலகம் சொன்னது. துறையில் பேசி, ஒரு மாதம் கடிதம் போட்டு, அனுமதி வாங்கினேன். அந்த ஏட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

களத்தில் கேட்ட பேச்சை முதலில் கேட்ட மொழியிலேயே, பேசிய மாதிரியே எழுதி வையுங்கள். நேரடியாக இங்கிலீஷில் இறக்கினால் நேரம் மிச்சம். போவது என்ன என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். என் குறிப்புகளில் தலித் தெருப் பிள்ளைகளைக் 'காலனிப் பிள்ளைகள்' என்று எழுதி வைத்திருந்தேன். அது எனக்கு உறைக்கவே இல்லை, அறைத்தோழி எழுத்துக் கூட்டிப் படித்து, "காலனி என்றால்? ஹவுசிங் காலனியா?" என்று கேட்டபோது விளக்கிச் சொல்லவேண்டிவந்தது. சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. 2025இல் அரசே அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. ஊரில் வாயிலிருந்து போகவில்லை.

அந்தத் தோழியைப் பற்றி இன்னும் ஒன்று. ஜனவரி 3, ஜோதிராவ் புலேயின் மனைவி சாவித்திரிபாய் புலே பிறந்த நாள். விடுதியில் என் தோழி அவர் படத்துக்கு மாலை போட்டு, எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தப் போனபோது தெருவில் அவர்மேல் சாணியும் சேறும் எறிந்தார்கள், மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவார் என்று சொல்வார்கள். என் தோழி அந்தக் கதையை வீர வரலாறாகச் சொல்லவில்லை. "தாயி, அந்த இன்னொரு புடவையை யார் துவைத்திருப்பார்கள்?" என்றாள். அவளோடு இரண்டு வருஷம் இருந்தது ஒரு தனிப் பட்டம்.

2024 மே மாதம் ஏட்டைக் கொடுத்தேன். ஜூனில் நீதிபதி சந்துரு குழு அறிக்கையை அரசிடம் ஒப்படைத்தது. நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த ஒரு நபர் குழு. கையில் சாதி வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்கவேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள். கயிறு பற்றி டிவியில் ஒரு வாரம் சண்டை நடந்தது. உட்காரவைக்கும் வரிசை பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. அறிவிப்பு எதுவும் இல்லாமல், நாளைக் காலையே ஒரு ஆசிரியர் தன் வகுப்பில் செய்யக்கூடியது.

வேலை? ஹைதராபாத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிடைத்தது, நல்ல சம்பளம். பிள்ளையை மறுபடி விட்டுப் போக மனசில்லை. இப்போது எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுத்த தற்காலிக ஆசிரியை. படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்வியியல் பாடத்தில் எம்.ஏ.காரர்களும் எழுதலாம்.

என் வகுப்பில் இரண்டு காரியம் மாற்றினேன். உதவித்தொகைக்கு யாரையும் எழுப்புவதில்லை. விவரம் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், ஏற்கனவே இருக்கிறது. இல்லாததை அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு மாலை கூட ஆகாது. இரண்டாவது, பெருக்குவதிலிருந்து பீரோ சாவி வரை எல்லா வேலைக்கும் ஒரே பட்டியல், அகர வரிசையில், ஆண் பெண் கலந்து. பட்டியலைக் கதவில் ஒட்டினேன்.

மூன்றாவது நாள் ஊர்த்தெருவிலிருந்து ஒரு அப்பா வந்தார். எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை.

"ஏம்மா, என் பையன பெருக்கவா ஸ்கூலுக்கு அனுப்புனேன்?"

"வாரத்துல ஒரு நாள்தான் மாமா. எல்லாருக்கும் முறை."

"எல்லாரும் வேற. நீ படிச்சுட்டு வந்து புதுசா என்னத்தயோ பண்ற."

அடுத்த நாள் இன்னும் நான்கு பேரோடு தலைமை ஆசிரியரிடம் போனார். பிள்ளைகளை வேலை வாங்கக்கூடாது, ஆள் போடுங்கள் என்று மனு. நியாயமான கோரிக்கை. இத்தனை வருஷமாக அந்தப் பள்ளியில் பிள்ளைகள்தான் பெருக்கினார்கள். பெருக்கிய பிள்ளைகளின் தெருவிலிருந்து இந்த மனுவை யாரும் கொண்டுவரவில்லை, கொண்டுவந்திருந்தால் யாரும் வாங்கியிருக்கவும் மாட்டார்கள். இப்போது பத்தே நாளில் ஊராட்சி மூலம் ஒரு தூய்மைப் பணியாளர் வந்துவிட்டார். துடைப்பம் பட்டியலிலிருந்து போனது. சாவி, மணி, பதிவேடு எல்லாம் அகர வரிசையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வந்த பணியாளர் என் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா. அந்தப் பெண் இப்போது எட்டரை மணிக்கே வந்துவிடுகிறாள். பையை வகுப்பு வாசலில் வைத்துவிட்டு, அம்மா கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். நேற்று மணி அடிக்கும் முறை அவளுடையது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் அடித்துவிட்டு, மறுபடி வாளியிடம் வந்தாள்.